மீதி, கீழே வரும்போது

அந்த ஆஸ்பத்திரியின் லிப்ட் தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்குப் போக நாற்பத்தெட்டு வினாடி எடுத்துக்கொள்ளும். இறங்கவும் அதே நாற்பத்தெட்டு. இதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தவர் அதை ஓட்டுகிறவர்தான். மூன்றாவது மாடியில் இருப்பது ஆபரேஷன் தியேட்டர். ஆகவே அந்த நேரத்தை நிறையப் பேர் மல்லாந்து படுத்தபடி, கூரையில் இருக்கும் ஒற்றைக் குழல்விளக்கைப் பார்த்தபடிதான் கழித்திருக்கிறார்கள். வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நீளமானவை வேறும் உண்டு. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த லிப்டில் போய்த் திரும்பியவர்கள் யாரும் பயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ராணுவத்தோடு மோதிய பறவைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். கோர்ட்டில் நிறுத்தப்பட்ட பன்றிக்குட்டிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அதற்குக் காரணம் லிப்ட்காரர்.

நர்சுகள் அவரைப் 'பாதிக்கதை' என்பார்கள். முகத்துக்கு நேரே என்றால் 'பாதிக்கதை அண்ணே'. அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் பெரிய கதைசொல்லி இல்லை. குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. அறிவிப்புப் பலகையை வாசிப்பது போலத்தான் பேசுவார். கையையும் ஆட்ட மாட்டார், ஏனென்றால் வலது கை எப்போதும் லிப்டின் பித்தளைக் கைப்பிடியில் இருக்கும். பழைய லிப்ட் அது. இழுத்து மூடும் கம்பிக்கதவு. ஒவ்வொரு மாடியிலும் தரையோடு மட்டம் பார்த்து நிறுத்துவது ஓட்டுகிறவர் பொறுப்பு. ஒரு விரல் ஏறி இறங்கி நின்றாலும் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் தட்டும், படுத்திருப்பவருக்கு வலிக்கும். முப்பத்தோரு வருஷத்தில் அவர் அப்படித் தட்டவிட்டதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதைப் பாராட்டலாம்.

அதற்கு முன்னால் அவர் ஒரு நூற்பாலையில் சரக்கு லிப்ட் ஓட்டினார். ஆலையை மூடினார்கள், ஆஸ்பத்திரியில் ஆள் தேவைப்பட்டது. பஞ்சுப் பொதிகளுக்கும் மனிதர்களுக்கும் அவர் கண்ட முதல் வித்தியாசம், பொதிகள் யார் சட்டையையும் பிடித்துக்கொள்வதில்லை என்பது.

அவர் சட்டையை முதலில் பிடித்தவர் ஒரு லாரி டிரைவர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். ஆள் கதவளவு இருப்பார், ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்ததும் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அண்ணே, ஏதாவது பேசுங்களேன்."

"என்ன பேச?"

"எதையாவது. இந்த விளக்கையே பாத்துட்டுப் போனா நெஞ்சு அடைக்குது."

லிப்ட்காரர் பேசிப் பழகியவர் இல்லை. அன்று காலை மருந்துக்கடையில் பாட்டிலைச் சுற்றிக் கொடுத்த பழைய வாரப்பத்திரிகைத் தாள் ஒன்றைப் படித்திருந்தார். அதுதான் வாயில் வந்தது.

"ஆஸ்திரேலியாவுல ஒருதரம் ராணுவம் பறவை மேல சண்டைக்குப் போச்சாம். ஈமுன்னு ஒரு பறவை. ஆள் உயரம் இருக்கும். கோதுமை வயலையெல்லாம் நாசம் பண்ணுதுன்னு மெஷின் கன்னோட சிப்பாயை அனுப்பியிருக்காங்க."

"பறவை மேலயா?"

"பறவை மேலதான். பெட்டி பெட்டியா தோட்டா."

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரை இழுத்தார்கள். டிரைவர் தலையைத் தூக்கிக் கத்தினார்: "அண்ணே, யாரு ஜெயிச்சா?"

"கீழே வரும்போது சொல்றேன்."

இதில் தந்திரம் எதுவும் இல்லை. நேரம் போதவில்லை, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் கழித்து டிரைவரை வார்டுக்கு இறக்கக் கொண்டுவந்தார்கள். கண் முழுசாகத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "யாரு... ஜெயிச்சா?"

"மயக்கத்துல என்னமோ உளர்றார்," என்றாள் கூட வந்த நர்ஸ்.

"பறவைங்கதான்," என்றார் லிப்ட்காரர். "ராணுவம் போன வழியே திரும்பிடுச்சு."

டிரைவர் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார். லிப்ட்காரர் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் இதையே யோசித்தபடி நடந்தார். கழுத்து வரை போர்த்தி, கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் இறங்கி வந்த ஒரு மனிதன் எதையோ விடாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். அது, தான் கொடுத்தனுப்பியது என்று அவருக்குப் பட்டது.

அதன்பின் பாதி சொல்வது வழக்கமாயிற்று. வழக்கம் என்று ஆனதும் அதற்கு ஒழுங்குகளும் வந்துசேர்ந்தன. சொல்வது சரித்திரத்தில் நடந்ததாக இருக்க வேண்டும், இட்டுக்கட்டியது கூடாது. இரண்டு புத்தகத்தில் பார்க்காததை அவர் லிப்டில் ஏற்றுவதில்லை. ரத்தம், நோய், டாக்டர் வருகிற விஷயங்கள் வேண்டாம். நிறுத்துகிற இடத்தில் கேட்பவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். கேள்வி எழாவிட்டால் அது தகவல். தகவலைச் சுமந்துகொண்டு யாரும் மூன்றாவது மாடிக்குப் போவதில்லை.

அவரிடம் இருந்த சரக்கில் சிலவற்றைச் சொல்கிறேன். கடிகாரம் எல்லார் வீட்டிலும் இல்லாத காலத்தில், இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர்களில் நீளக் கழியால் ஜன்னலைத் தட்டி ஆட்களை வேலைக்கு எழுப்பிவிடுவதையே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். அப்படியானால் அவர்களை யார் எழுப்பினார்கள்? அது கீழே வரும்போது. (பலர் எல்லாரையும் எழுப்பிவிட்டுத்தான் படுக்கவே போவார்களாம்.) ஐந்நூறு வருஷத்துக்கு மேல் முன்னால் ஃபிரான்ஸில் ஒரு தாய்ப்பன்றியையும் அதன் ஆறு குட்டிகளையும் குற்றவாளிகளாகக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். குட்டிகள் கதி என்ன? கீழே வரும்போது. விடுதலை! சின்ன வயசு, சாட்சியும் போதவில்லை என்று. தாயின் கதியைக் கேட்டால் மட்டும் சொல்வார். இறங்கும்போது அதைக் கேட்டவர்கள் குறைவு.

இதையெல்லாம் லிப்டில் ஏற்றுவதற்கு முன் வீட்டில் ஒரு பரீட்சை உண்டு. அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். முன்னறையில் ஜன்னலோரம் கால்மெஷின். சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து புதிதாகப் பிடித்ததைச் சொல்வார். அம்மாள் தலை நிமிர மாட்டார். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் மெஷின் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் லிப்டில் நிறுத்த வேண்டும். மெஷின் நிற்கவே இல்லையென்றால் அந்த விஷயம் தேறாது.

"நின்னுச்சா இல்லையா?" என்று அவர் கேட்பதுண்டு.

"நூல் அறுந்துச்சு. அதுக்காக நிறுத்தினேன். நீங்க ஒண்ணும் பூரிச்சுப் போயிடாதீங்க."

முப்பது வருஷம் இப்படி நடந்தது. விளைவு, அவருக்குத் தெரிந்த அத்தனையும் அம்மாளுக்குத் தெரியும். முதல் பாதி, மறு பாதி, வெட்டும் இடம் உட்பட.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது நேர்மையாக இருக்காது. மேலே போன எல்லோரும் கீழே அவர் லிப்டில் வரவில்லை. சிலர் வேறு வழியாக, பின்பக்கச் சாய்தளத்தில் முகம் மூடி இறக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன விஷயத்தை அவர் பிறகு யாருக்கும் சொல்வதில்லை. விஷயங்களை எழுதி வைத்திருந்த நோட்டில் அதன் மேல் ஒரு கோடு போட்டுவிடுவார். பாதி சொன்னதால் ஒருவர் பிழைத்துவிடுவார் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்படிக் கேட்டவர்களிடம், "கத்தி புடிக்கிறது அவங்க, கதவு திறக்கறது நான்," என்பார். ஆனாலும் கோடு போட்ட பக்கங்களை அவர் தாண்டிப் போகும்போது கொஞ்சம் வேகமாகத்தான் புரட்டுவார். மனிதன் நம்பாத ஒன்றுக்கும் பயப்படலாம். இதற்கு மேல் இதை விளக்கியவர்களை நான் படித்ததில்லை.

அம்மாளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது அவருடைய முப்பத்தோராவது வருஷத்தில். நல்ல கட்டியா, கெட்டதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். தேதி குறித்தார்கள். அன்று லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார்.

"அவளை மேல வேற ஒருத்தர் கூட்டிட்டுப் போறதா?" என்றார். அவ்வளவுதான் விவாதம்.

அவருடைய கவலை வேறாக இருந்தது. அல்லது பெரிய கவலையை ஒரு சின்னக் கவலைக்குள் மடித்து வைத்திருந்தார். அவளிடம் எதைச் சொல்வது? அவள் கேட்காத ஒன்று வேண்டும். இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து தேடிக் கடைசியில் ஒன்றைப் பிடித்தார். அன்னாசிப்பழம் ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் யானைவிலை. பணக்காரர்கள் விருந்துக்குப் போகும்போது ஒரு பழத்தைக் கையில் இடுக்கிக்கொண்டு பந்தாவாகப் போவார்களாம். மறுநாள் அந்தப் பழம் எங்கே போகும்? அங்கே வெட்டு. மறு பாதி: அது அவர்களுடைய பழமே இல்லை, ஒருநாள் வாடகைக்கு எடுத்தது. நல்ல சரக்கு. நாற்பத்தெட்டு வினாடிக்கு அளந்து வைத்தது போல் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் பத்திரமாக வைத்திருந்தார்.

அன்று காலை பத்தரைக்கு அம்மாளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் மகள். மகள் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். யாரிடமும் பணிந்து பேசிப் பழக்கமில்லாத உத்தியோகம். அன்று அவள் எல்லோரிடமும் கெஞ்சித்தான் பேசினாள். லிப்ட்காரர் கம்பிக்கதவை இழுத்து மூடினார். கைப்பிடியைத் திருப்பினார். லிப்ட் கிளம்பியது.

"முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி," என்று ஆரம்பித்தார், அதே அறிவிப்புப் பலகைக் குரலில், "இங்கிலாந்துல அன்னாசிப்பழம்..."

"வாடகைக்கு எடுத்துட்டுப் போவாங்க," என்றார் அம்மாள்.

லிப்ட் முதல் மாடியைத் தாண்டியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் முகம் வழிச்சிக்கிட்டே கண்ணாடிகிட்ட சொல்லிப் பாத்தீங்களே. கதவு என்ன இரும்பா? எல்லாம் கேட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. வேற சொல்லுங்க."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா குழல்விளக்கைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் முதல்தடவையாக அந்த விளக்கு எவ்வளவு மோசமான விளக்கு என்று அவருக்குத் தெரிந்தது. இன்னும் முப்பது வினாடி இருக்கும். மனதில் நோட்டைப் புரட்டினார். அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தது, கோடு, தெரிந்தது. அம்மாள் போர்வைக்கு வெளியே ஒரு கையை எடுத்து ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து ஒன்று வந்துவிழுந்தது.

"ஃபிரான்ஸ்ல ஒரு கிராமம். நானூறு வருஷத்துக்கு முன்னாடி. திராட்சைத் தோட்டத்தையெல்லாம் பச்சை வண்டு தின்னுடுச்சு. ஊர்க்காரங்க வண்டு மேல கேஸ் போட்டுட்டாங்க."

"வண்டு மேலயா?"

"வண்டு மேல. கோர்ட்டு, வண்டுக்கும் ஒரு வக்கீலை வெச்சுது. அவர் எழுந்து நின்னு, 'மனுஷனுக்கு முன்னாடியே கடவுள் ஜீவராசியையெல்லாம் படைச்சாரு, பச்சையைத் தின்னுங்கன்னு சொல்லித்தான் படைச்சாரு, என் கட்சிக்காரங்க அதைத்தானே பண்றாங்க'ன்னுட்டார்."

இரண்டாவது மாடி போயிற்று. கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"ஊர்க்காரங்க பயந்துட்டாங்க. கூட்டம் போட்டு, சமாதானமா போயிடலாம், வண்டுங்களுக்குன்னு தனியா ஒரு நிலம் எழுதித் தர்றோம்னாங்க. வண்டு வக்கீல் அதையும் ஒத்துக்கல. 'அந்த நிலம் என் கட்சிக்காரங்களுக்கு உதவாது, அங்க ஒரு புல்லும் முளைக்காது'ன்னுட்டார். மாசக்கணக்கா இழுத்துச்சு. கடைசில ஜட்ஜ்..."

மூன்றாவது மாடி. லிப்ட் தரையோடு தரையாக நின்றது. கதவைத் திறந்தார்கள்.

"என்னங்க," அம்மாள் கழுத்தைத் திருப்பினார், "தீர்ப்பு என்ன?"

"கீழே வரும்போது சொல்றேன்."

சொன்னது அவர் இல்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம். தியேட்டர் கதவு மூடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த வழக்கை அவர் இத்தனை நாள் யாருக்கும் சொல்லாமல், மெஷினுக்கு முன்னால்கூடக் கொண்டுபோகாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குத் தீர்ப்பு கிடையாது. வழக்கின் ஆவணத்தில் கடைசிப் பக்கம் இல்லை. மறு பாதி இல்லாத ஒரே சரக்கை எடுத்து, கீழே வந்தால் சொல்கிறேன் என்று யாரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

மகள் காத்திருப்பு அறையில் உட்கார மாட்டேன் என்றாள். லிப்டின் மூலையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, அவரோடேயே ஏறி இறங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, உலகத்துல எவ்வளவு கதை இருக்கு. முடிவே இல்லாததுதான் அம்மாவுக்குக் கிடைச்சுதா?"

"வாயில வந்திடுச்சும்மா."

"முப்பது வருஷமா வாய்க்குத் தாழ்ப்பாள் போட்டு வெச்சிருந்தீங்களே, இன்னிக்குப் பாத்துத் திறந்துக்கிச்சா?"

"உங்கம்மா கம்பியைப் புடிச்சா. எனக்குக் கை கால் ஓடல."

அதற்கு மேல் அவள் அவரைத் திட்டவில்லை.

இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. தியேட்டர் சிஸ்டர் ஒருவர் கீழே போக லிப்டில் ஏறினார். அப்பாவும் மகளும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்ன, என் மூஞ்சில ஏதாவது எழுதி ஒட்டியிருக்கா?"

"இல்ல சிஸ்டர்."

"நான் ரெண்டாம் நம்பர் தியேட்டர். அவங்க ஒண்ணாம் நம்பர். எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்படிப் பாக்காதீங்க, எனக்கே பயமா இருக்கு."

ஒரு மணிக்கு அவருக்குச் சாப்பாட்டு நேரம். எலக்ட்ரீஷியனிடம் கைப்பிடியைக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் தெருவைத் தாண்டி எதிரே இருக்கும் நூலகத்துக்கு ஓடிவந்தார். அங்கே அவர் வழக்கமாக உட்காரும் மேசைக்கு எதிர்மேசைதான் என்னுடையது. பல வருஷம் தலையசைப்போடு நின்றிருந்த பழக்கம் அன்றுதான் பேச்சாயிற்று. அவர் மூன்று தடிப் புத்தகங்களை ஒன்றாக இறக்கி, நின்றபடியே புரட்டினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். மூன்றிலும் ஒரே பதில்தான் இருந்தது: கடைசிப் பக்கம் அழிந்துவிட்டது, எலியோ, ஏதோ ஒரு பூச்சியோ தின்றிருக்கிறது.

"ஏதாவது ஒரு முடிவைச் சொல்லிடுங்களேன்," என்றேன். "வேற நல்ல நிலமாக் குடுத்து வண்டுங்களை அனுப்பிட்டாங்கன்னு. நானூறு வருஷம் ஆச்சு, யாருக்கு நஷ்டம்?"

"அவ கண்டுபிடிச்சிடுவா சார்."

"எப்படி?"

"மெஷின் நிக்காது."

அப்போது எனக்கு மெஷின் விஷயம் தெரியாது. அதனால் அதை விட்டுவிட்டு, படித்தவன் தோரணையில் ஒன்று சொன்னேன். "முடிவு இல்லைங்கிறதும் ஒரு முடிவுதான்னு எடுத்துக்கலாம்."

மாடி தவறி இறங்கிவிட்ட ஒருவரைப் பார்ப்பது போல் அவர் என்னைப் பார்த்தார்.

"சார், வயித்தைத் திறந்து தச்சு வெளியில வர்றவங்ககிட்ட நீங்களே வந்து இதைச் சொல்லுங்க."

புத்தகங்களை அதனதன் இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனார். பயத்தில் இருக்கும்போதும் புத்தகத்தை இடம் மாற்றி வைக்காத மனிதர் என்பதை அன்று குறித்துக்கொண்டேன். மேலே ஒரு தீர்ப்பு, புத்தகத்தில் ஒரு தீர்ப்பு. இரண்டின் கடைசிப் பக்கமும் அவர் கையில் இல்லை. நான் என் பக்கத்தில் விட்ட இடத்தைத் தேடினேன். அன்று எதுவும் ஏறவில்லை. பிறகு நடந்ததை அவரும் மகளும் தனித்தனியே சொல்லக் கேட்டதுதான் இது.

இரண்டேகாலுக்குத் தியேட்டர் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டே லிப்ட் வாசலுக்கு வந்தார்.

"எடுத்தாச்சு. ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதான் நேரமாயிடுச்சு. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். ஆனா என் கண்ணுல பட்ட வரைக்கும் கெட்டது இல்ல. சாதாரணக் கட்டிதான்."

மகள் முக்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். லிப்ட்காரர் தலையை ஆட்டினார். "சரிங்க டாக்டர்," என்றார். பிறகு, என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, "கீழ போகணுமா டாக்டர்?" என்றார்.

"நான் போகல. அவங்களைத்தான் நாலு மணிக்கு இறக்குவாங்க. நீங்க முதல்ல போய்ச் சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். மகள் வாங்கிவந்ததை என்னவென்றுகூடப் பார்க்காமல் முழுவதையும் சாப்பிட்டார். பெரிய கவலை கரைந்ததும் அதை மடித்து வைத்திருந்த சின்னக் கவலை மட்டும் தனியாக மேலே வந்தது. அதைப் பற்றி இப்போது கவலைப்பட முடிந்ததே அவருக்கு ஒரு சுகமாக இருந்தது.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் மகள்.

"நடந்ததைத்தான்."

"அம்மா மயக்கத்துல மறந்திருப்பாங்க."

"லாரி டிரைவர் மறக்கல."

நாலு மணி பத்துக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. கூட ஒரு சிஸ்டர். அம்மாளின் முகம் வெளிறி, உதடு காய்ந்து, தலைமுடி எல்லாம் பச்சைத் தொப்பிக்குள் இருந்தது. கண் மூடியிருந்தது. லிப்ட்காரர் கதவை மூடினார். கைப்பிடியை வழக்கத்தைவிட மெதுவாகத் திருப்பினார். ஐந்தாறு வினாடி ஒன்றும் இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தார். அது ஆறுதலாக இருக்குமென்று எதிர்பார்த்தார், இருக்கவில்லை.

"தீர்ப்பு?" என்றார் அம்மாள், கண்ணைத் திறக்காமல்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தீர்ப்பு இல்ல," என்றார் அவர். "உனக்குச் சொல்லியிருக்கவே கூடாது. கேஸ் நடந்தது எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. கடைசிப் பக்கம் மட்டும் இல்ல. நானும் மத்தியானம் போய் மூணு புத்தகத்துல பாத்துட்டேன். அந்தப் பக்கத்தை எலியோ பூச்சியோ தின்னுடுச்சாம். யாரு ஜெயிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது."

லிப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டியது. அம்மாள் ஒரு கண்ணைத் திறந்தார். கணவரின் முகத்தைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தீர்ப்பு எழுதின பக்கத்தை."

"ஆமா."

"பூச்சி தின்னுடுச்சு."

"எலியாவும் இருக்கலாம்."

"எலி எங்கேந்து வந்துச்சு நடுவுல? கேஸ் யாரு மேல?" குரல் நூல்போலத்தான் வந்தது, ஆனால் அதில் வழக்கமான கண்டிப்பு இருந்தது. "தோட்டத்தைத் தின்னான், கேஸ் போட்டாங்க. தீர்ப்பு எழுதினாங்க, அதையும் தின்னுட்டான். இதுல யாரு ஜெயிச்சாங்கன்னு பாக்கவா மூணு புத்தகம் புரட்டினீங்க?"

நாலு வருஷமாக லிப்ட்காரரின் நோட்டில் கிடந்த விஷயம் அது. ஒருதடவைகூட அவருக்கு இது தோன்றவில்லை. புத்தகம் எழுதியவர்களுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அல்லது தோன்றியும், எழுத அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம்.

முதலில் சிரித்தது சிஸ்டர். பிறகு மகள். அம்மாளும் சிரிக்கப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா! தையல்! சிரிக்கக் கூடாது," என்று சிஸ்டர் தானும் சிரித்துக்கொண்டே அதட்டினார். "அண்ணே, நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கோங்க, உங்களைப் பாத்தா அவங்களுக்குச் சிரிப்பு வருது."

அவர் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா, மற்றதா என்று மகளால் சொல்ல முடியவில்லை. அவளும் உற்றுப் பார்க்கவில்லை. வார்டு இருக்கும் முதல் மாடி வந்தது. லிப்ட் தரைக்கு நாலு விரல் மேலே நின்றது.

சிஸ்டர் கீழே பார்த்தார். "என்ன அண்ணே இது? உங்க லிப்டா இது?"

"இருங்க, இருங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடியை ஒரு மயிரிழை திருப்பினார். ஒன்றுக்கு இரண்டு தடவை. மட்டம் வந்ததும் குனிந்து கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். சக்கரம் தட்டாமல் இறங்கியது.

பரிசோதனை முடிவு பத்தாவது நாள் வந்தது. டாக்டர் கண்ணால் பார்த்துச் சொன்னதையே காகிதமும் சொன்னது.

அந்த வண்டு வழக்கை லிப்டில் சொல்லலாமே என்று பிறகு ஒருநாள் நூலகத்தில் கேட்டேன். இப்போதுதான் மறு பாதி இருக்கிறதே.

"எப்படி சார்? எதுவானாலும் ரெண்டு இடத்துல பாக்கணும். இதை இவ ஒருத்திதானே சொல்லியிருக்கா," என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஆகி, டாக்டர் சம்மதித்த பிறகு, அம்மாள் மெஷினில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் அவர் சட்டையை மாட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, புதிதாகப் பிடித்த ஒன்றை ஆரம்பித்தார். ஏதோ ஒரு நாட்டில் ஒருகாலத்தில் ஜன்னலுக்கு வரி போட்டார்களாம். ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டார்களாம். அவர் வெட்ட நினைத்த இடம் வந்தது. மெஷின் ஓடியது. அடுத்த இடம் வந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"தேறாதா?" என்றார்.

"இந்தத் துணியைக் கொஞ்சம் புடிங்க," என்றார் அம்மாள், தலை நிமிராமல்.

அவர் போய்ப் பிடித்துக்கொண்டார். மெஷின் நிற்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.